53 எழுத்துக்கு மூன்று ரூபாய் ஏன் போயிற்று?

கோவையிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி, 6 அக்டோபர் 2025

ஊரில் இருக்கும் அம்மாவிடம் பட்டன் போன்தான் இருக்கிறது. வாட்ஸ்அப் கிடையாது. காது சற்று மந்தம் என்பதால் பேசுவதைவிட எழுதி அனுப்பினால் நிம்மதியாகப் படித்துக்கொள்வார். நேற்று இதை அனுப்பினேன்: "அம்மா, பணம் வங்கியில் போட்டுவிட்டேன். மாத்திரை வாங்கிக்கொள். சனிக்கிழமை காலை வருகிறேன்."

இடைவெளி, புள்ளி எல்லாம் சேர்த்து எண்ணினேன், 53 வருகிறது. ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். என் திட்டத்தில் செய்திக்கு ஒரு ரூபாய். போனதோ மூன்று ரூபாய். இது பகல் கொள்ளை இல்லையா?

6 அக்டோபர், இரவு

கொள்ளைதான். 160 என்பது ஆங்கிலத்துக்கு. தமிழுக்கு 70. உங்கள் 53 அதற்குள் அடங்குகிறது, எனவே ஒரு ரூபாய்தான் போயிருக்க வேண்டும். வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டு விடாமல் சண்டை போடுங்கள். மதுரை டவுன்ஹால் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் 2004 முதல் 2013 வரை செல்போன் கடை வைத்திருந்தவன் சொல்கிறேன்.

7 அக்டோபர், காலை

சண்டை போட வேண்டாம். போட்டுவிட்டிருந்தால் பழியை என் மேல் போடுங்கள்.

படுத்த பிறகுதான் உறைத்தது. நீங்கள் எண்ணியது தமிழ் வாத்தியார் எண்ணும் முறை. போன் நம் இலக்கணம் படித்ததில்லை. 'க' என்றால் அதற்கு ஒன்று. 'கி' என்றால் இரண்டு, ககரத்துக்கு ஒன்று, கொக்கிக்கு ஒன்று. 'க்' கூட இரண்டுதான். தலையில் வைக்கும் புள்ளிக்குத் தனி இடம். மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். போன் எழுத்தை எண்ணுகிற யூனிகோடு என்ற முறையில் அந்த அரை மாத்திரைக்குத்தான் இரட்டைக் கட்டணம்.

'வணக்கம்' நமக்கு ஐந்து எழுத்து, போனுக்கு ஏழு. 'நன்றி' நமக்கு மூன்று, அதற்கு ஐந்து. 'ஸ்ரீ' என்று மங்கலமாகத் தொடங்கினால் அந்த ஒன்றுக்கே நான்கு போய்விடும்.

உங்கள் செய்தியைத் தாளில் எழுதி ஒவ்வொன்றாக உடைத்து எண்ணினேன். டீ ஆறிப்போயிற்று. 87 வருகிறது. 70-ஐத் தாண்டிவிட்டது. எனவே இரண்டு செய்தி, இரண்டு ரூபாய். மூன்றாவது ரூபாய் எங்கே போயிற்று என்று இன்னும் விளங்கவில்லை.

7 அக்டோபர், மாலை

'70 என்று யார் முடிவு செய்தார்கள்?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு குறுஞ்செய்தி என்பது 140 பைட் கொள்ளும் பெட்டி. பைட்டுக்கு 8 பிட், ஆக பிட்டில் சொன்னால் 1,120. ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும், ஆகவே 160 எழுத்து அடங்கும். அந்தப் பழைய எழுத்துப் பட்டியலில் இல்லாத ஒன்றே ஒன்று நுழைந்தாலும் மொத்தச் செய்தியும் எழுத்துக்கு 16 பிட் என்ற முறைக்கு மாறிவிடும். 1,120-ஐ 16-ஆல் வகுத்தால் 70.

செய்தி நீண்டு இரண்டு மூன்றாக உடைந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் "நான் இரண்டில் முதலாவது" என்பது போல ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். அதற்கு 6 பைட். அதனால் துண்டு ஒன்றுக்குத் தமிழில் 67, ஆங்கிலத்தில் 153. பெறுகிற போன் சீட்டைப் பார்த்து ஒட்டி ஒரே செய்தியாகக் காட்டிவிடுவதால் உடைந்தது யாருக்கும் தெரிவதில்லை. காசு மட்டும் துண்டுக்கணக்கில் போகும்.

கோவைக்காரருக்கு: இரண்டு துண்டுக்கு 134 வரை இடம் உண்டு. 87-க்கு அது தாராளம். மூன்றாவது ரூபாய் இப்போதும் மர்மம்தான்.

9 அக்டோபர்

போனின் அமைப்புகளுக்குள் ('செட்டிங்ஸ்') போய்ப் பார்க்கச் சொன்னார் ஒருவர். நல்ல யோசனை, ஆனால் அங்கே கண்டதையும் தொடாதீர்கள். தொட்டுக் கெட்டவன் நான்.

சில போன்களில் செய்தி அமைப்புக்குள் எழுத்து முறை என்று ஓர் இடம் இருக்கும். ஜிஎஸ்எம் எழுத்து (மேலே சொன்ன பழைய 7 பிட் பட்டியல்), யூனிகோடு, தானியங்கி என்று மூன்று. 2010 வாக்கில் ஒரு வாடிக்கையாளர், பழ வியாபாரி, 'காசு அநியாயமாகப் போகிறது' என்று வந்தார். நான் பெரிய மேதாவி போல ஜிஎஸ்எம் எழுத்துக்கு மாற்றிக் கொடுத்து இருபது ரூபாயும் வாங்கிக்கொண்டேன். காசு குறைந்தது உண்மை. மூன்றாம் நாள் திரும்பி வந்தார். அவர் தமிழில் எழுதி அனுப்பியதெல்லாம் மறுமுனையில் வெறும் கேள்விக்குறி வரிசையாகப் போயிருக்கிறது. கம்பத்திலிருந்து திராட்சை அனுப்புகிறவர், 'என்ன கேட்கிறீர்கள் என்றே புரியவில்லை, ஆனால் நிறையக் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது' என்றாராம். இருபது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். தானியங்கியிலேயே இருக்கட்டும்.

பழைய போன்களில் எனக்குப் பிடித்த அமைப்பு வேறு ஒன்று உண்டு. செய்தியின் ஆயுள். ஒரு மணி, ஆறு மணி, 24 மணி, 72 மணி, ஒரு வாரம் என்று வைக்கலாம். எதிர்முனை போன் அணைந்திருந்தால் செய்தி மையம் அதுவரை வைத்திருந்து அனுப்பும், கெடு முடிந்தால் தூக்கிப் போட்டுவிடும். 'இன்னும் பத்து நிமிடத்தில் வருகிறேன்' என்பதற்கு ஒரு மணி போதும். அது மறுநாள் போய்ச் சேர்ந்தால் வீட்டில் பெரும் குழப்பம். இப்போதைய போன்களில் இந்த இடத்தையே காணோம்.

10 அக்டோபர்

ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதிவிடுங்கள், 160 கிடைக்கும் என்று இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். கடைக்காலத்தில் நானும் இதையேதான் சொல்லி அனுப்புவேன். அப்போது பாதிப் போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும், வேறு வழியும் இல்லை.

அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் பழம், பலம், பாலம் மூன்றுக்கும் 'palam' என்று ஒரே முகம். என் மைத்துனன் ஒருமுறை 'யானைக்கல் பாலத்தருகே நிற்கிறேன்' என்பதைச் சுருக்கி அப்படி எழுதி அனுப்பினான். யானைக்கல்லில் பாலமும் உண்டு, பழக்கடைகளும் உண்டு. நான் பழக்கடை வரிசையில் வெயிலில் நின்றேன், அவன் பாலத்தில் நின்றான். இருவரிடமும் போன் இருந்தது, பேசுவதற்கு இருப்பு இல்லை.

10 அக்டோபர், சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதை மறுபடி படித்தேன். அதில் முக்கியமானதை விட்டுவிட்டேன். கோவைக்காரரின் அம்மா தமிழ்தான் படிப்பார். ஆங்கில எழுத்தில் அனுப்பினால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுத்தான் கேட்க வேண்டும், பணம் போட்ட விவரம் தெரு முழுவதும் தெரிந்துவிடும். அந்த யோசனையை நான் ஆதரித்ததாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் எழுதினாலும் 160 நிச்சயம் இல்லை. ஒரு சிரிப்புப் பொம்மை வைத்தால் 70-க்கு இறங்கிவிடும். வேறெங்கிருந்தோ வெட்டி ஒட்டிய செய்தியில் வளைந்த மேற்கோள்குறி இருந்தாலும் அதே கதி. நேரான மேற்கோள்குறிக்கு ஒன்றுமில்லை, வளைந்ததற்குத்தான் தண்டனை.

13 அக்டோபர்

160 வந்த கதை தெரியுமா? 1985-இல் ஜெர்மனியின் பான் நகரில் பிரீட்ஹெல்ம் ஹில்லெபிராண்ட் என்ற பொறியாளர் தட்டச்சுப் பொறியின் முன் உட்கார்ந்து மனத்தில் தோன்றிய வாக்கியங்களை, கேள்விகளை அடித்து அடித்து எழுத்துகளை எண்ணிப் பார்த்தாராம். ஏறக்குறைய எல்லாமே 160-க்குள் அடங்கிவிட்டன. அஞ்சலட்டையில் மனிதர்கள் எழுதுவதும் பெரும்பாலும் அந்த அளவுதான் என்று கண்டார். 160 போதும் என்று ஆயிற்று. முதல் செய்தி போனது 1992 டிசம்பர் 3, இங்கிலாந்தில். நீல் பாப்வொர்த் கணினியிலிருந்து அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்து. இரண்டே சொல், நிறைய இடம் மிச்சம்.

எங்கள் பெரியம்மாவின் அஞ்சலட்டைகளை அவர் பார்த்திருந்தால் கணக்கே மாறியிருக்கும். முகவரிப் பக்கத்தின் ஓரம் வரை எழுதி, தலைகீழாகத் திருப்பி மேல் விளிம்பிலும் ஒரு வரி சேர்ப்பார். அந்த வரியில்தான் கடிதம் எழுதிய காரணமே இருக்கும்.

16 அக்டோபர்

தமிழை யாருமே நினைத்துப் பார்க்கவில்லை என்று ஒருவர் பொங்கியிருக்கிறார். முழுக்கச் சரியில்லை. செல்போன் தரநிலையில் பின்னாளில் மொழிவாரி எழுத்து அட்டவணைகள் சேர்த்தார்கள். துருக்கி, போர்த்துகீசியம் இவற்றோடு தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி உள்ளிட்ட நம் மொழிகளும் உண்டு. அந்த அட்டவணையைப் பயன்படுத்தினால் தமிழையும் 7 பிட்டில் அனுப்பலாம். அறிவிப்புச் சீட்டுக்கு 4 பைட் போக ஒரு செய்தியில் 155 இடம் கிடைக்கும். கோவைக்காரரின் 87 ஒரே ரூபாயில் போயிருக்கும்!

ஆனால் அனுப்புகிற போன், பெறுகிற போன் இரண்டுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். என் கைக்கு வந்த போன்களில் தமிழுக்கு அதைப் பயன்படுத்திய ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. கல்யாண மண்டபத்தில் நம் பெயர் எழுதி வைத்த நாற்காலி மாதிரி. நாற்காலி இருக்கிறது, மண்டபம்தான் பூட்டியிருக்கிறது.

அதற்கு முன்பே நம்மவர் ஒருவர் வேலையைத் தொடங்கிவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். 2005 பொங்கலின்போது சிங்கப்பூரில் முத்து நெடுமாறனின் செல்லினம் என்ற செயலி வெளியானது. கைப்பேசியில் தமிழில் எழுதிக் குறுஞ்செய்தி அனுப்ப அப்போதே வழி செய்தது. நான் அந்த ஆண்டு மதுரையில் தமிழ் தெரியாத போன்களைத் தமிழர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தேன்.

19 அக்டோபர்

நாளை தீபாவளி. பேச்சு சற்றுத் திசை மாறட்டும்.

பிளாக்அவுட் நாள் யாருக்காவது நினைவிருக்கிறதா? மாதம் முழுவதும் மலிவாக எஸ்எம்எஸ் அனுப்பத் திட்டம் போட்டிருப்போம். தீபாவளி, பொங்கல், புத்தாண்டு வந்தால் அன்று மட்டும் அது செல்லாது, முழுக் கட்டணம். கோயில் திருவிழா அன்று கோயிலைப் பூட்டுவது போல. அதனால் வாழ்த்தையெல்லாம் முதல் நாள் இரவு பதினொன்றரைக்கே அனுப்பித் தீர்ப்போம். ஊர் முழுவதும் அதையே செய்வதால் நெரிசலில் சிக்கி வாழ்த்து மறுநாள் மதியம், சாப்பாடு முடிந்து எல்லோரும் தூங்குகிற நேரத்தில் வந்து சேரும்.

2011 செப்டம்பர் 27 முதல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு சிம்மிலிருந்து நாளொன்றுக்கு 100 செய்திதான் என்று வரம்பு வைத்தது. விளம்பரத் தொல்லையை ஒழிப்பதற்காக. என் கடைக்கு வந்த கல்லூரிப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நவம்பரில் அதை 200 ஆக்கினார்கள்.

அதைவிடக் கெடுபிடி 2012 ஆகஸ்டில். வடகிழக்கு மாநிலத்தவரைத் தாக்கப் போகிறார்கள் என்று வதந்தி பரவி, பெங்களூரிலிருந்து ரயில் ரயிலாக ஆட்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். குறுஞ்செய்தியிலும் வதந்தி ஓடியதால் மத்திய அரசு நாடு முழுவதும் நாளுக்கு ஐந்து செய்திதான் என்று 15 நாள் தடை போட்டது. சில நாளில் அது 20 ஆயிற்று. அந்த வாரம் என் கடையில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: 'காலையில்தானே திட்டம் போட்டுக் கொடுத்தாய், ஐந்தோடு நின்றுவிட்டதே?' டெல்லி என்று சொன்னால் நம்பவில்லை. நான்தான் ஏமாற்றுகிறேன் என்று நினைத்தார்கள்.

21 அக்டோபர்

நேற்று மனிதர்கள் அனுப்பிய குறுஞ்செய்தி ஒன்றுகூட எனக்கு வரவில்லை. நகைக்கடை இரண்டு, ஜவுளிக்கடை நான்கு, எனக்குச் சொந்தமில்லாத நிலத்துக்குக் கடன் தருகிறேன் என்றவர் ஒருவர்.

இதை நிறுத்த 1909-க்குக் கூப்பிட்டோ செய்தி அனுப்பியோ தடை வைக்கலாம். வங்கி, வீடுமனை, கல்வி, சுகாதாரம் என்று வகை வகையாகவும் தடுக்கலாம், மொத்தமாகவும் தடுக்கலாம். இந்த ஆண்டிலிருந்து இன்னொரு வசதி. அனுப்புநர் பெயரின் கடைசியில் ஒரு கோடு போட்டு ஓர் ஆங்கில எழுத்து வருகிறதே, பார்த்தீர்களா? பி என்றால் விளம்பரம், எஸ் சேவை, டி பரிவர்த்தனை, ஜி அரசு. தடையை மீறி வந்தால் 1909-இலேயே புகார் செய்யலாம். முன்பு மூன்று நாளுக்குள் செய்ய வேண்டும், இப்போது ஏழு நாள்.

வயதானவர்கள் போனில் மொத்தத் தடை வைக்காதீர்கள், ரேஷன் கடைச் செய்தி, வங்கிச் செய்தி எல்லாம் நின்றுவிடும்.

22 அக்டோபர்

மேலே கடைசி வரி தப்பு. மொத்தத் தடை வைத்தாலும் வங்கியின் ஓடிபி, பணம் வந்த செய்தி, அரசுச் செய்தி எல்லாம் வரும். நிற்பது விளம்பரம்தான். திருத்திய நண்பருக்கு ஒரு கும்பிடு. இந்தப் பயத்தில் பெரியம்மாவின் போனில் இத்தனை நாள் தடை வைக்காமலே இருந்திருக்கிறேன்.

26 அக்டோபர்

உசிலம்பட்டிக்குப் போய்ப் பெரியம்மாவின் போனைப் பார்த்தேன். உறை அடையாளம் மின்னிக்கொண்டே இருந்தது. பெட்டி நிரம்பிவிட்டது, புதிதாக எதுவும் உள்ளே வராது. மூன்று மாதமாக நான் அனுப்பியது எதுவும் சேரவில்லை. அவர் நான் கோபமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு, அந்தக் கோபத்துக்குப் பதிலாக இவரும் கோபமாக இருந்திருக்கிறார்.

எல்லாவற்றையும் அழிக்கப் போனேன். போனைப் பிடுங்கிக்கொண்டார். ரேஷன் கடையில் பொருள் வாங்கினால் ஒரு செய்தி வருமல்லவா? ஒரு மாதம் சர்க்கரை தரவில்லை, இருப்பு இல்லை என்று அனுப்பிவிட்டார்களாம். சர்க்கரை வாங்கியதாகச் செய்தி வந்திருக்கிறது. போனைக் கொண்டுபோய்க் கடை வாசலில் நின்று, வரிசையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறார். சர்க்கரை வந்துவிட்டது. அன்றிலிருந்து ஒரு ரேஷன் செய்தியையும் அழிக்க விடுவதில்லை.

உட்கார்ந்து ஒவ்வொன்றாக விளம்பரத்தை மட்டும் அழித்தேன். ரேஷன் செய்திகளில் முடிந்தவரை சிம்முக்கு மாற்றினேன். போன் கெட்டாலும் சாட்சி கெடாது என்று விளக்கியதும்தான் காப்பி கிடைத்தது. தடையும் வைத்தாயிற்று.

30 அக்டோபர்

மூன்றாவது ரூபாய் பிடிபட்டது!

கோவைக்காரர் தம் அம்மாவின் போனைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார். செய்திக்குக் கீழே ஆங்கிலத்தில் இவருடைய பெயர், பதவி, கடை பெயர், ஊர். செய்தி அமைப்பில் கையொப்பம் என்று ஓர் இடம் உண்டு. போன் வாங்கிய புதிதில் மொத்த வியாபாரிகளுக்கு அனுப்ப வசதியாக அதில் எழுதி வைத்துவிட்டு மறந்துவிட்டார். எழுதும்போது அது திரையில் தெரிவதில்லை, அனுப்பும்போது வாலாக ஒட்டிக்கொள்கிறது.

வால் 55 எழுத்து, புதிய வரிக்கு ஒன்று, ஆக 56. ஆங்கிலமாயிற்றே, குறைவாகத்தானே பிடிக்கும் என்று கேட்காதீர்கள். தமிழோடு ஒரே செய்தியில் ஏறினால் ஆங்கில எழுத்துக்கும் 16 பிட்தான். 87-உம் 56-உம் 143. இரண்டு துண்டின் எல்லை 134. மூன்றாவது ரூபாய் அங்கேதான் போயிற்று. பெற்ற தாய்க்கு மாதா மாதம் தம் பதவியைத் தெரிவிக்க ஒரு ரூபாய் செலவழித்திருக்கிறார்.

5 நவம்பர்

கையொப்பத்தை நீக்கியதோடு நிற்காமல் ஒரே ரூபாய்க்குள் அடக்கியே தீருவேன் என்று கோவைக்காரர் கிளம்பிவிட்டார். இந்த வாரச் செய்தி: "அம்மா, பணம் போட்டுவிட்டேன். மாத்திரை வாங்கு. சனி காலை வருகிறேன்." எண்ணினேன், 64. பிரமாதம். இன்னும் ஆறு இடம் மிச்சம், ஓர் இடைவெளி விட்டு 'நன்றி' போட்டால் சரியாக 70. அம்மாவுக்கு யார் நன்றி சொல்வார்கள் என்று விட்டுவிட்டாராம்.

9 நவம்பர்

ஊருக்குப் போய்த் திரும்பிவிட்டார். அம்மா நல்ல கோபத்தில் இருந்திருக்கிறார். காலையில் வரப்போவது சனி என்று மகனே எழுதி அனுப்பியிருக்கிறான், நான் எங்கே போய்ச் சொல்வேன் என்று அக்கம்பக்கத்தில் கேட்டிருக்கிறார். கோயிலில் எள் விளக்கும் போட்டாயிற்று.

'சனிக்கிழமை' என்றே முழுதாக எழுதினால் எவ்வளவு ஆகும் என்று கேட்கிறார். சனிக்கு 3, சனிக்கிழமைக்கு 10. 64-உடன் 7 கூட்டினால் 71. ஒன்று அதிகம்.

கடைசி முற்றுப்புள்ளியை எடுத்துவிடுங்கள்